காட்டுக்கும் ஒரு முறை வைப்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் என்றால் சேமிப்பு, கடன், வட்டி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு எங்கள் குழு சார்பாக நம்ம ஐயனார் கோயில் காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முன்பெல்லாம் அந்தக் காட்டுக்குள் யாரும் செருப்புப் போட்டுப் போக மாட்டார்கள். அரிவாள் கொண்டுபோக மாட்டார்கள். ஒரு குச்சியை ஒடித்தாலும் சாமி கேட்கும் என்று பயம். வீரை, உலக்கைப்பாலை, காசா, வெப்பாலை என்று அத்தனை மரத்தையும் அந்தப் பயம்தான் காத்தது.

இப்போது பயம் குறைந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறோம், வெட்டினது வெளியூர்க்காரங்க இல்லை, நாமதான். "சிலிண்டர் விக்கிற விலைக்கு வேற எங்க போறது?" என்று எங்கள் குழுவிலேயே ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாமல் 'காட்டைக் காப்போம்' என்று தீர்மானம் போட்டால் அது நோட்டோடு நின்றுபோகும்.

பதில் காட்டு ஓரத்திலேயே இருந்தது. சீமைக்கருவேல்! ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையை உள்ளே கொண்டுபோய்ப் போடுகிறது. மேலாக வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். அதனால் மழைக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது தூரோடு தோண்டி எடுக்கணும். நல்லா எரியும் விறகு அது. ஊராட்சியிலும் கோயில் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டு ஆரம்பித்தோம். காட்டு மரத்தைத் தொடுவதில்லை, கருவேலை விடுவதில்லை. இதுதான் எங்கள் கட்டுப்பாடு.

இன்னும் மூன்று விஷயம்.

ஒன்று, சருகைக் கூட்டி அள்ளாதீங்க. அது மட்கினால்தான் மண்ணுக்கு எரு. மழைத்தண்ணியும் ஓடாமல் இறங்கும்.

இரண்டு, வெளியிலிருந்து அழகுச்செடி கொண்டுவந்து நட வேண்டாம். பறவை போடும் விதை தானாக முளைக்கும். அந்தக் கன்றை ஆடு கடிக்காமல் பார்த்தாலே போதும்.

மூன்று, பொங்கல் அடுப்பைக் காட்டுக்கு வெளியே வைப்போம். தண்ணி ஊற்றி அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையை அன்றைக்கே பொறுக்கிவிடுவோம்.

நம்ம காடு சின்னதுதானே என்று நினைக்காதீங்க. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காடு சுமார் 12 ஏக்கர்தான். 2025-ல் தமிழக அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022-ல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அதே மதிப்பு!

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. ஊரில் உள்ள மரம், மூலிகை, பறவை எல்லாவற்றையும் அவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த இலை எதுக்கு ஆகும் என்று நமக்குத்தானே தெரியும்? ஊராட்சியில் போய்க் கேட்போம். நம்ம பாட்டிமாரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி எழுதவைப்போம்.

சகோதரிகளே, இந்தக் காடு நம்ம முன்னோர் போட்டுவைத்த சேமிப்பு. நிழல், காற்று, ஈரம் என்று அதன் வட்டியில்தான் நாம் வாழ்கிறோம். முதலில் கைவைக்கலாமா?

சாமி பயம் காத்த காட்டை இனி நாம் முறை போட்டுக் காப்போம். வாரம் ஒரு குழு சுற்றி வந்தால் போதும். முதல் வாரம் எங்கள் குழு. அடுத்த வாரத்துக்கு எந்தக் குழு? கையைத் தூக்குங்க, இப்பவே நோட்டில் எழுதிவிடுவோம்.