கடுதாசி சொன்ன சாத்திரம்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்கட அக்கா ஒருவர், 2009இல் காணாமற்போன மகனைப் பற்றிக் கேட்கவென்று, கடுதாசி பார்த்துச் சாத்திரம் சொல்லும் ஒரு சுவிஸ் பெண்மணியிடம் போனவ. டொச் மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனா. மூன்றாவதாகப் புரட்டிய கடுதாசியில் அரிவாளோடு ஒரு எலும்புக்கூடு. இலக்கம் 13. "மரணம்" என்றா அந்தப் பெண்மணி. எனக்கு வாய் எழும்பவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை; படத்தை அக்கா பார்த்திட்டா.

அதற்குப் பிறகுதான் டாரோ எனப்படும் இந்தக் கடுதாசிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இவை 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றியவை. மிலான் பிரபுக் குடும்பத்துக்குக் கையால் வரைந்த கட்டுக்கள் இன்றும் உள்ளன. ஒரு கட்டில் 78 கடுதாசி. கிண்ணம், நாணயம், வாள், தடி என நாலு வகையில் 14 வீதம் 56. மிச்சம் 22 படக் கடுதாசிகள். இவை சாத்திரத்துக்கு வந்தவையல்ல, விளையாட்டுக்கு வந்தவை. நாங்கள் 304 விளையாடேக்கை துரும்பு கவிழ்த்து வைப்பமே, அதுபோல இவை நிரந்தரத் துரும்புகள். 13 வந்தால் 12ஐ வெட்டும். 14 வந்தால் தானே வெட்டுப்படும். அவ்வளவுதான். பிரான்சின் பழைய மார்செய் கட்டுக்களில் 13க்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

1781இல் பாரிசில் கூர் தெ ஜெபலின் என்பவர், இது பண்டைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை வாசிக்கும் வழி கிடைத்ததோ 1822இல்! சாத்திரத்துக்கென்றே கட்டுக்கள் வந்தது அவருக்குப் பிறகுதான். 1909இல் லண்டனில் பமீலா கோல்மன் சிமித் என்ற ஓவியர் வரைந்த கட்டு வெளிவந்தது. இன்று கடைகளில் உள்ள பலவகைக் கட்டுக்கள் அதைப் பார்த்து வரைந்தவை. அதில் மரணம் குதிரையில் வருகிறது. வரைகிற கை மாற, மரணமும் மாறுகிறது.

இங்கே கிறவ்புண்டன் மலைக் கிராமங்களில் இந்த 78 கடுதாசியையும் வைத்து "ட்ரோக்காஸ்" விளையாடுகிறார்கள். அங்கே 13ஐக் கண்டு ஒருவரும் அழுவதில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தா. "அப்ப அது என்ரை பிள்ளையைப் பற்றிச் சொல்லேல்லையோ?" என்றா. "இல்லை அக்கா. நல்லதும் சொல்லேல்லை, கெட்டதும் சொல்லேல்லை" என்றேன்.

சாத்திரம் கேட்கிற தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாதபடியால்தான் கடுதாசியிடம் கேட்கிறோம். ஆனால் ஒருவரையும் தனியப் போகவிடாதேங்கோ.