இசைத்தட்டு அந்தாதி

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'டீ.ஜே.' என்ற சொல் இன்று எங்கள் கல்யாண மண்டபங்கள் வரை வந்துவிட்டது. 'டிஸ்க் ஜொக்கி' என்பது அதன் விரிவு. இசைத்தட்டின் மேல் சவாரி செய்பவர் என்று பொருள்படும் இச்சொல் நடன அரங்கில் பிறந்ததல்ல, வானொலியில் பிறந்தது. நியூயோர்க் நகரத்து வானொலி ஒன்றில் 1935ஆம் ஆண்டு மார்ட்டின் புளொக் என்ற அறிவிப்பாளர் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். கலையகத்தில் வாத்தியக் குழு எதுவும் இல்லை. இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டு, நேயர்கள் ஒரு நடன மண்டபத்தில் இருப்பதுபோன்ற பாவனையை அவர் குரலாலேயே உண்டாக்கினார். இத்தகைய அறிவிப்பாளர்களுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது. ஆகவே இதைப்பற்றி வானொலியில் பேசுவதற்கு நியாயம் உண்டு. இலக்கியத் தொடரில் ஏன் பேசவேண்டும் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த மௌனத்தை நீக்கியவர்கள் அடுத்த தலைமுறையினர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்த நியூயோர்க் நடன மண்டபத்தில், பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு சுழல்தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதைக் காதில் மாட்டிய கருவியினால் கேட்டு, தாளத்தோடு தாளம் பொருந்தும் கணத்தில் விடுவித்தார். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, அதே நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பில் ஒரு சிறு விருந்து நடந்தது. ஜமெய்க்காவில் பிறந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர் அதற்கு இசை வழங்கினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைப் பாவித்து, தோற்கருவி மட்டும் ஒலிக்கும் சில செக்கன்களைத் திரும்பத் திரும்ப நீட்டியது அவர் கையாண்ட உத்தி. ஹிப்ஹொப் இசையின் பிறந்தநாளாக அந்த நாளையே இன்று கொண்டாடுகிறார்கள். 1979இல் வந்த டெக்னிக்ஸ் சுழல்தட்டில் வேகத்தை 8 வீதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி இருந்தது. நிமிடத்துக்கு 120 அடி போடும் பாட்டை ஏறத்தாழ 110இலிருந்து 130 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அதன் பயன்.

அந்தக் கைவேலை இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்திருக்கிறது. சுவீடனில் 2006இல் தொடங்கப்பட்டு, 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் சேவையை விரித்த ஸ்பொட்டிஃபை செயலியில், ஒரு பாட்டின் வாலும் மற்றொன்றின் தலையும் 12 செக்கன் வரை ஒன்றன்மேல் ஒன்று படியும் வசதி முன்னரே உண்டு. 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் கட்டணம் செலுத்துவோருக்கு இன்னொன்றையும் அறிமுகம் செய்தது. உங்கள் பாடற்பட்டியலில் ஒவ்வோர் இணைப்பையும் நீங்களே அமைக்கலாம். பாட்டின் வேகமும் சுருதியும் திரையில் தெரியும். சிரமப்பட விரும்பாதவர்கள் 'தானாக' என்ற பொத்தானை அழுத்தலாம். அடுத்த மாதமே அப்பிள் நிறுவனமும் இதையொத்த தானியங்கி இணைப்பைத் தன் கருவிகளில் சேர்த்தது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பிறர் பாடியவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, இன்னொரு பொருள் தொனிக்கச் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. அதற்குத் தொகை என்று பெயர். ஐங்குறுநூற்றைப் பாருங்கள்: மருதம் நூறு, நெய்தல் நூறு, குறிஞ்சி நூறு என இனத்தோடு இனம் சேர்த்த அடுக்கு அது. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் வேறு வழி கண்டார். ஒற்றைப்பட எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இந்த ஒழுங்கே நானூறு பாட்டுக்கும் செல்கிறது. வரிசையாகப் படிப்பவனுக்கு ஒரே திணை அடுத்தடுத்து இருமுறை வருவதே இல்லை. கூடலோ, இருத்தலோ, ஊடலோ, இரங்கலோ, எது வந்தாலும் அதன் இரு பக்கத்திலும் பிரிவு நிற்கிறது. எந்தத் தனிப் பாட்டும் சொல்லாத ஒரு சேதியை இந்த வரிசை சொல்கிறது.

அந்தாதி இன்னும் நெருங்கிய உறவு. ஒரு செய்யுளின் இறுதியிலுள்ள எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த செய்யுளின் முதலாகிறது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியிலும், அதற்கு முந்திய பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலும் இந்தத் தொடையைக் காண்கிறோம். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபாட்டுக்குத் தாவும் இன்பத்தை நான் விளக்கத் தேவையில்லை. டீ.ஜே. எழுத்துக்குப் பதிலாகத் தாளத்தையும் சுருதியையும் பிடித்துத் தாவுகிறார்.

தாவுவதற்கும் இலக்கணம் உண்டு. முதலாவது வேகம். செயலி இரண்டு பாட்டுக்கும் 100 என்று ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் ஒன்று அடியை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடை, மற்றது மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை என்றால், எண் பொருந்தியும் கால் இடறும். வாத்தியக்காரர் எல்லோரும் ஒன்றாக இருந்து வாசித்துப் பதிவுசெய்த பழைய திரைப்பாடல்களில் இன்னொரு சங்கடம். அவை மனிதக் கையின் வேகத்தில் ஓடுபவை. சரணத்தில் சற்று முந்தும், முடிவில் சற்றுத் தளரும். இயந்திரத்தின் அளவுகோல் அங்கே தடுமாறும்.

இரண்டாவது சுருதி. மேலைநாட்டு டீ.ஜே.க்கள் ஒரே சுரங்களைக் கொண்ட பெருந்தான அளவையும் சிறுதான அளவையும் சோடியாகக் கொள்வார்கள். எங்கள் சங்கீதத்தில் கிரகபேதம் என்பது இதற்கு அண்மையானது. மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாகக் கொண்டால் சுத்த தன்யாசி பிறக்கிறது. சுரங்கள் மாறவில்லை, வீடு மாறிவிட்டது. இதற்கு எதிரான வழியும் உண்டு. சட்ஜம் மாறாமல் மோகனத்திலிருந்து சிவரஞ்சனிக்குப் போகலாம். மாறுவது காந்தாரம் ஒன்றுதான், மகிழ்ச்சி துயரமாகிவிடும். இந்த இடத்தில் எந்தத் துயரம் வேண்டும் என்பதைத் திரையிலுள்ள எண் சொல்லாது. தொகுப்பவரின் காதுதான் சொல்லவேண்டும்.

மூன்றாவது இடம். ஒரு பாட்டின் சொல்லின்மேல் மறுபாட்டின் சொல் ஏறக்கூடாது. சரணம் முடிந்து வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் அடுத்ததன் தொடக்க இசை நுழையலாம். அப்போதும் இரண்டின் அடித்தொனிகளும் மோதிக் குழம்பாதபடி ஒன்றைத் தாழ்த்தவேண்டும். சில பாடல்களை இணைக்கவே கூடாது. தொகையறாவோடு தொடங்கும் பாட்டின் முதல் 12 செக்கனை இன்னொரு பாட்டின் வாலால் மூடினால், வாசலைச் சுவர் வைத்து அடைத்தது போலாகும். அங்கே மௌனத்தை விட்டுவைப்பதே சிறந்த இணைப்பு.

பொத்தான் எல்லாவற்றையும் செய்துவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். நடனத்துக்குக் குறை ஒன்றுமில்லை. கேட்பவனுக்குத்தான் குறை. வரிசைப்படுத்துவதற்காக ஒரு பாட்டைப் பத்துமுறை கேட்கும்போதுதான் இரண்டாம் சரணத்தில் வயலின் எங்கே விலகி நிற்கிறது, கவிஞர் எந்தச் சொல்லைத் தாளத்துக்குப் புறத்தே தள்ளினார் என்பதெல்லாம் தெரியவரும். தொகுத்தல் என்பது கூர்ந்து படித்தலின் இன்னொரு பெயர். அந்தப் படிப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் பட்டியல் மிஞ்சும், படிப்பு மிஞ்சாது. அந்தப் பட்டியலும் நிலையானதல்ல. உரிமம் மாறினால் பாட்டு அதிலிருந்து மறைந்துவிடும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய ஒலிநாடாவுக்கு அந்தக் கதி இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இடைவெளியில்லாத இசையில் பெயர்களுக்கு இடமில்லை. இன்ன படம், பாடியவர் இன்னார், இயற்றியவர் இன்னார், இசை இன்னார் என்று சொல்லிப் பாட்டை ஒலிபரப்புவது எங்கள் வானொலி மரபு. கவிஞர்களின் பெயர்களை நாங்கள் கற்றது அந்தச் சில செக்கன்களில்தான். பழைய தொகையாசிரியர்களும் இதில் கண்ணாயிருந்தார்கள். குறுந்தொகையில் ஒரு புலவரின் இயற்பெயர் கிடைக்காதபோது, அவருடைய பாட்டில் ஒளிவிட்ட உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள் என்பர். ஆளைத் தெரியாவிட்டாலும் அநாமதேயமாக விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே பட்டியல் செய்யும் இளைய நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியில் பட்டியலின் தலைப்புக்குக் கீழே விளக்கம் எழுதச் சிறிது இடம் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை வெறுமையாகவே விடுகிறார்கள். நீங்கள் கோத்த பாடல்களின் கவிஞர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் அங்கே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் கவிஞர் பெயரையாவது எழுதுங்கள். பிறகு எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சுழலவிடுங்கள்.