தகடு அடித்த கைகள்



மணல் திணித்த தோல் மூட்டை ஒன்றின்மேல் அலுமினியத் தகட்டைக் கிடத்தி மரச் சுத்தியலால் அடித்தால், அது கணீரென்று ஒலிக்காது. உரலில் மாவு இடிப்பதுபோல ஒரு மந்தமான ஓசைதான் வரும். 1950-களில் இத்தாலியின் மோதனா நகரத்தில், செர்ஜியோ ஸ்காலியெத்தியின் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்ட ஓசை அது. அங்கே அடிபட்டு வளைந்த தகடுகள்தான் ஃபெராரி பந்தயக் கார்களுக்கு உடலாயின.

ஸ்காலியெத்தி 13 வயதில் தந்தையை இழந்தவர். பள்ளியை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். நம் ஊரில் டிங்கரிங் என்கிறோமே, அந்த வேலை. இத்தாலியில் அந்தத் தொழிலாளிக்குப் பெயர் 'பத்திலாஸ்த்ரா'. தகடு அடிப்பவர் என்றே அதற்குப் பொருள். வரைபடத்தைவிடக் கண்ணை நம்பிய கூட்டம் அது. மெல்லிய கம்பிகளை வளைத்துக் காரின் உருவத்தைக் கூடுபோலக் கட்டுவார்கள். தகட்டை அடித்து, கூட்டின்மேல் வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்து அடிப்பார்கள்.

இத்தாலிய வேகக் கார்களைப் பற்றிப் பேசும்போது எத்தனை குதிரைத் திறன், என்ன விலை என்றே பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு அவை ஒரு கைவினையாகவே பெரிதாகத் தெரிகின்றன. உள்ளே இன்ஜினை வைத்தவன் ஒரு கேள்வி கேட்கிறான். வெளியே தகடு அடிப்பவன் அதற்குப் பதில் சொல்கிறான். நல்ல காரில் இந்தக் கேள்வியும் பதிலும் நம் கண்ணுக்கே தெரியும்.

1957, 58-இல் ஸ்காலியெத்தி செய்த ஃபெராரி 'தெஸ்தா ரோஸா'வைப் பாருங்கள். 'சிவப்புத் தலை' என்று பொருள். இன்ஜினின் மேல்மூடிக்குச் சிவப்பு பூசியிருந்ததால் வந்த பெயர். உள்ளே 12 சிலிண்டர், 3 லிட்டர் இன்ஜின். முன்சக்கரங்களின் மட்கார்டு காரின் மூக்கோடு ஒட்டாமல், இரண்டு தோணிகளைப்போலத் தனித்து நிற்கும். சக்கரத்துக்குப் பின்னால் உடல் உள்வாங்கி வெட்டுப்பட்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது பிரேக்குக்காகச் செய்த வழி. அன்றைய டிரம் பிரேக் பந்தயத்தில் கொதித்துப்போகும். அந்தச் சூடு வெளியேறத்தான் அந்த வெட்டு. ஆனால் காற்று அங்கே சுழன்று வேகத்தைத் தின்றது. 1959-இல் வந்த அடுத்த உருவில் அந்த வெட்டு இல்லை. தவறு என்று தெரிந்ததும் தகட்டை மறுபடி அடித்தார்கள், அவ்வளவுதான்.

மோதனா இன்ஜின்களின் ஊர் என்றால், வடமேற்கே இருக்கும் டூரின் உடல் கட்டுபவர்களின் ஊர். குதிரை வண்டிக்குக் கூடு கட்டிய தொழிலின் பெயரே, 'கரோத்சேரியா' என்று, கார்ப் பட்டறைகளுக்கும் நிலைத்துவிட்டது. அங்கே பட்டறை நடத்திய பத்திஸ்தா ஃபரீனா என்பவரை வீட்டில் 'பினின்', அதாவது சின்னவன் என்று கூப்பிடுவார்கள். அந்தச் செல்லப்பெயர் ஊர் முழுக்கப் பரவி, 1961-இல் குடியரசுத் தலைவரின் ஆணையோடு 'பினின்ஃபரீனா' என்று குடும்பப் பெயராகவே ஆனது. 1951-இல் அவரும் என்ஸோ ஃபெராரியும் கூட்டுச் சேர விரும்பியபோது, உன் ஊருக்கு நான் ஏன் வர வேண்டும் என்று இருவருக்குமே வீம்பு. கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே தொர்தோனா என்ற சிற்றூரின் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட உறவானது.

பினின் ஃபரீனா 1947-இல் உடல் கட்டிய சிசிதாலியா 202 கார் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது அரிய இன்ஜின் எதுவுமில்லை. ஃபியட் 1100-இன் 1089 சி.சி. இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றி வைத்தார்கள். நம் தெருக்களில் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினிக்கும் அந்த இன்ஜின் வம்சம்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. எளிய இன்ஜினுக்கும் அவ்வளவு கவனமாக உடல் தைத்திருக்கிறார்களே!

இனி லம்போர்கினியின் மியூரா காருக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெருச்சோ லம்போர்கினி டிராக்டர் செய்து பணம் சேர்த்தவர். 1963-இல் மோதனாவுக்கு அருகே சந்தாகத்தா என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை தொடங்கினார். பந்தயத்தில் இறங்க அவருக்கு விருப்பமில்லை. அவரிடம் வேலை பார்த்த ஜான்பவுலோ தல்லாரா, பாவுலோ ஸ்தன்சானி, ஓட்டிப் பார்க்கும் பாப் வாலஸ் மூவரும் முப்பதைத் தொடாத இளைஞர்கள். பந்தயக் காரைப்போல ஒன்றைச் சாலைக்குச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. வேலை நேரம் முடிந்தபிறகு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

பந்தயக் காரில் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், நடுவில் இருக்கும். எடை நடுவில் இருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். ஆனால் லம்போர்கினியின் இன்ஜின் 12 சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர், மிக நீளமானது. அதை நீளவாக்கில் வைத்து, பின்னால் கியர்பாக்ஸையும் மாட்டினால் கார் ரயில் பெட்டியாகிவிடும். அதனால் இன்ஜினைக் குறுக்கே திருப்பினார்கள். பிரிட்டனின் சின்னஞ்சிறு மினி கார் 1959-இலேயே நாலு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியருக்கும் இன்ஜினுக்கும் ஒரே எண்ணெயைக் கொடுத்திருந்தது. ஏழை எளியவர்களுக்கான அந்த யோசனையை இவர்கள் 12 சிலிண்டருக்கு எடுத்துக்கொண்டு, இன்ஜின் கூட்டையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பாக வார்த்தார்கள்.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடலே இல்லாத வெறும் சேசிஸை வைத்தார்கள். எடை குறைக்கத் துளையிட்ட இரும்புத் தகடும் குறுக்கே கிடந்த இன்ஜினும்தான் அங்கே இருந்தன. உடல் கட்டும் வேலை பெர்த்தோனே பட்டறைக்குப் போனது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த மார்செல்லோ கந்தீனிக்கு வயது 27. அடுத்த மார்ச்சில், நான்கே மாதத்தில், ஜெனீவாவில் முழுக் காரும் நின்றது.

வானொலியில் படம் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். உயரம் 105 சென்டிமீட்டர், நான்கு வயதுக் குழந்தையின் உயரம்தான். முன்னால் இன்ஜின் இல்லாததால் மூக்கைத் தாழ்த்த முடிந்தது. மூக்கு தாழ்ந்ததால் விளக்குகள் நிற்க இடமில்லை. அவை வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தன, ஏற்றும்போது மட்டும் தலைநிமிரும். அந்த விளக்குகளும் ஃபியட் 850 ஸ்பைடர் என்ற சிறிய காரிலிருந்து எடுத்தவை. சுற்றிலும் கண்ணிமை மயிர்போலக் கறுப்புக் கீற்றுகள். பின்னால் இன்ஜின் சூடு போக வேண்டும், ஓட்டுநருக்குப் பின்பக்கமும் தெரிய வேண்டும். அதற்காகக் கறுப்புச் சட்டங்களை அடுக்கினார்கள். முன்பக்கம் முழுதும் ஒரே மூடி, பின்பக்கம் முழுதும் ஒரே மூடி. குறுக்கே கிடந்த அந்த இன்ஜின் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தகட்டில் பதில் இருக்கிறது. அதனால்தான் அதை நான் இந்தக் கலையின் உச்சம் என்கிறேன்.

குறைகள் சிறியவை அல்ல. முன்மூடிக்குக் கீழே பெட்ரோல் டேங்க். டேங்க் காலியாகக் காலியாக மூக்கின் எடை குறையும். உச்ச வேகத்தில் காற்று மூக்கைத் தூக்கும், ஸ்டியரிங் பிடி தளரும். கியர்பல் தேய்ந்து உதிரும் துகள் எண்ணெயோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போகும். பின்னால் வந்த எஸ்.வி. வகையில், அதிலும் பிந்திய கார்களில்தான் எண்ணெயைப் பிரித்தார்கள். காதருகே 12 சிலிண்டர் இரைய, முதுகில் அனல் அடிக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கு நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே கந்தீனியும் ஸ்தன்சானியும் 1971-இல் காட்டிய கவுன்டாச், பொறியியலில் மியூராவைவிடப் புத்திசாலித்தனமானது. இன்ஜினை மறுபடி நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை முன்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கொண்டுவந்தார்கள். கியரை மாற்றும் கை கியர்பாக்ஸின் மேலேயே இருக்கும். மேலே எழும் கதவை கந்தீனி 1968-லேயே ஆல்ஃபா ரோமியோ கராபோவில் செய்து பார்த்திருந்தார். ஆனால் கவுன்டாச் பட்டை தீட்டிய கல்லைப்போலக் கூர்மையானது. அதன் மூளையை மெச்சுகிறேன். தடவிப் பார்க்க ஆசை வருவது மியூராவைத்தான்.

தகடும் ஒரு நாள் மாறியது. 1987-இல் வந்த எஃப் 40, என்ஸோ ஃபெராரி உயிரோடிருக்கும்போது வெளியான கடைசி ஃபெராரி சாலைக் கார். அதன் உடலில் கெவ்லார், கார்பன் இழைத் தகடுகள். அச்சில் வார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை பிசகாது. எடை கூடாதிருக்கப் பெயின்ட்டை மெல்லப் பூசினார்கள். உற்றுப் பார்த்தால் பூச்சுக்கு அடியில் நெசவு தெரியும். தகடு அடிப்பவருக்கு அங்கே வேலை இல்லை.

அச்சுக்கு முந்தைய காலத்தில், 1962 முதல் 64 வரை ஃபெராரி செய்த 250 ஜி.டி.ஓ. கார்கள் 36 என்பது வழக்கமான கணக்கு. கையால் அடித்தவை என்பதால் அச்சுப்போல ஒத்த இரண்டு அவற்றில் இல்லை. அந்தக் காலத்து உடல்களை அளந்தால் ஒரே காரிலும் இடது மட்கார்டுக்கும் வலது மட்கார்டுக்கும் வித்தியாசம் வரும். புதுப்பிக்கிற பட்டறைகள் சில, கணினியால் அளந்து அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடுகின்றன. செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெளிப்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும், புதுப்பிக்காத கார் ஒன்றின் மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டுத் தடவினால், சுத்தியல் விழுந்த குழிகள் இன்னும் வரிசையாக விரலில் தட்டும்.