கேள்வி யாருடையது?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பள்ளிக்கூடத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க சார்" என்றார் நம் செயலாளர். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். "எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்டு, தேடிப் பார்த்துக் கற்கிறார்கள்" என்று ஒரு தொடக்கப் பள்ளி தன் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அது நிஜம்தானா என்று அந்தத் தாளைப் படித்தே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும்.

நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவேலியில் உருவான முறையைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இதைத் தொடங்கினார்கள். 2007-ல் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கும் வந்தது. சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் அட்டைகள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நாற்காலியை விட்டு இறங்கி ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். காய்ச்சலில் பத்து நாள் படுத்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏணியைத் தொடரலாம். இது சின்னச் சாதனை இல்லை.

ஆனால் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேள்வி பெரும்பாலும் அதிலேயே அச்சாகி இருந்தது. பிள்ளையின் கை வேலை செய்தது, ஆனால் கேள்வி பிள்ளையுடையது அல்ல. செயல் வேறு, தேடல் வேறு. இதை நான் புரிந்துகொண்டது தாமதமாகத்தான்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "சார், தென்னை எல்லாம் விழுந்துருச்சு, பனை மட்டும் எப்படி சார் நிக்குது?" அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடம் 'மரங்களின் பயன்கள்'. "அப்புறம் பாக்கலாம்மா, உக்காரு" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. பாடத்தை முடித்துப் பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது.

அதனால் இப்போது எந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்தாலும் மூன்று விஷயங்களைத் தேடுகிறேன்.

முதலாவது, பிள்ளையின் கேள்வி நுழைய இடம் விட்டிருக்கிறதா? எல்லாப் பாடவேளையும் நிரம்பியிருந்தால், 'கேள்வி கேட்க ஊக்குவிக்கப்படும்' என்ற வரி வெறும் அலங்காரம்.

இரண்டாவது, தேடுவது எப்படி என்று எழுதியிருக்கிறதா? 'மாணவர்கள் ஆராய்வர்' என்பது போதாது. ஒன்றாம் வகுப்பில் பார்த்ததைச் சொல்வது, மூன்றாம் வகுப்பில் விழுந்த மரம், நின்ற மரம் இரண்டையும் எண்ணி அட்டவணை போடுவது, ஐந்தாம் வகுப்பில் வேரைப் பார்த்து, தோப்புக்காரரிடம் விசாரித்து, காரணம் சொல்வது என்று படிப்படியாக இருக்க வேண்டும். "நான் முதல்ல நினைச்சது தப்பு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கும் மதிப்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு. நான் பாடத்திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முன்பக்கத்தில் 'சிந்தனைத் திறன்', கடைசிப் பக்கத்தில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்றிருந்தால், கடைசிப் பக்கம்தான் நிஜம். ஆசிரியரும் பெற்றோரும் அதன்படிதான் நடப்பார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: "எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்கு சார்?" நியாயமான கேள்வி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். அது தேவைதான். பார்த்ததை எழுத எழுத்து வேண்டும், எண்ணியதைக் கூட்டக் கணக்கு வேண்டும். ஆனால் எழுத்து முழுதாக வந்த பிறகுதான் கேள்வி என்று காத்திருந்தால், அதற்குள் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடும்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரிப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் வாழ்க்கையை ஒட்டிப் படிப்பு நடந்ததால்தான் ராத்திரி வகுப்புக்கும் வந்து உட்கார்ந்தார்கள்.

நண்பர்களே, உங்களில் சிலர் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். சுவருக்கு வெள்ளை அடித்தாச்சா என்று கேட்கிறீர்கள், நல்லது. அடுத்த கூட்டத்தில், "இந்த மாசம் பிள்ளைங்க கேட்ட கேள்வியில எதைத் தேடிப் பார்த்தீங்க?" என்றும் கேளுங்கள். ஆசிரியரைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைச் சுமக்கும் பள்ளியில் அவர்களுக்குத் துணை நிற்பதற்காகக் கேளுங்கள்.

ஆசிரியராகப் போகும் தம்பி தங்கைகளே, "அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னால், அந்த 'அப்புறம்' எந்தக் கிழமை என்றும் சொல்லிவிடுங்கள்.