நீரும் வயலும் சேர்ந்த எழுத்து

சீன எழுத்துக்களுள் வயலைக் குறிப்பது எழுதுதற்கு மிக எளிது. ஒரு சதுரம் வரைந்து, அதனுள்ளே நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் இட்டால் எழுத்து முடிந்தது. வரப்புகளாற் பிரிக்கப்பட்ட நிலத்தின் படமே அது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சாங் அரசர் காலத்தில், எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் கீறப்பட்ட எழுத்துக்களிடையேயும் இது காணப்படுகிறது.

இதனைக் கடன்கொண்ட கொரியருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. அவர்தம் பேச்சிலே விளைநிலம் இருவகை. நீர் தேங்கும் நெல்வயல் 'நொன்'. தினையும் அவரையும் விளையும் மேட்டுநிலம் 'பத்'. யாழ்ப்பாணத்து உழவர் வயல் என்றும் தோட்டம் என்றும் பிரித்துச் சொல்வது போன்றதே இது. சீன எழுத்தோ இரண்டிற்கும் பொது. நெல்வயலைத் தனியே சுட்ட வேண்டின், சீனர் 'நீர்', 'வயல்' என்னும் இரண்டெழுத்துக்களை அடுத்தடுத்து எழுதினர்.

கொரியர் அவ்விரண்டையும் ஒன்றாக்கினர். மேலே நீர், கீழே வயல். மேலிருந்து கீழாக எழுதும் வழக்கமுடையோர்க்கு இஃது அரிய செயலன்று. இடைவெளியைச் சுருக்கினாற் போதும். சில்லா நாட்டு மன்னன் ஜின்ஹுங் காலத்திலே, கி.பி. 561ஆம் ஆண்டில், சாங்னியொங் என்னுமிடத்தில் நாட்டப்பெற்ற கல்வெட்டில் இக்கூட்டெழுத்து உளது. இதன் ஒலி 'தப்'. பழைய பொது எழுத்து 'ஜொன்' என்னும் ஒலியோடு மேட்டுநிலத்திற்கே உரியதாயிற்று. யப்பானியர் செய்தது இதற்கு நேர்மாறு. பொது எழுத்தை நெல்வயலுக்கு வைத்துக்கொண்டு, மேட்டுநிலத்திற்கு நெருப்பையும் வயலையும் சேர்த்து ஓர் எழுத்துப் புனைந்தனர். காடெரித்துப் பயிரிட்டதன் சுவடு அது என்பர்.

கொரிய எழுத்து பெரிதும் வழங்கியது காணி உறுதிகளிலும் வரியேடுகளிலுமே. நீர் என்னும் உறுப்பு தலைமேல் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் செல்வநிலையையே உரைத்துவிடும். எனினும் எல்லா நெல்வயலும் ஒன்றன்று. மழையை மட்டும் நம்பிய வயலுக்கு 'சொன்சுதப்' என்று பெயர். வானநீர் வயல் என்பது பொருள். வானம் பார்த்த பூமி என்று தமிழர் சொல்வதும் இதனையே அன்றோ!

1446ஆம் ஆண்டிலே செஜோங் மன்னர் கொரிய மொழிக்கெனத் தனி நெடுங்கணக்கை வெளியிட்டார். ஆயினும் சீன எழுத்துக்கள் ஏடுகளை விட்டு அகலப் பல நூற்றாண்டுகள் சென்றன. வடகொரியா 1949இல் அவற்றைக் கைவிட்டது. தென்கொரியாவில் நிலவகைகள் 28; 'ஜொன்', 'தப்' என்பனவே இன்றும் அவற்றுள் முதலிரண்டு. ஆனால் அவை எழுதப்படுவது கொரிய நெடுங்கணக்கிலே. 'தப்' என்னும் அதே ஒலிக்கு 'விடை' என்ற பொருளும் உண்டு. பள்ளிச் சிறுவர்க்கு முதலில் நினைவிற்கு வருவது அதுவே.