சின்னஞ்சிறு இன்பங்களும் சித்திரப் புத்தகங்களும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறும் சாலை, ரிவர்ஸ்டனை அடையும்போது பல நாட்களில் முகிலுக்குள் மறைந்துவிடும். இடையறாது வீசும் காற்றினால் மரங்களும் குறுகியே நிற்கின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்தது இவ்விடம். மடக்கிய கையின் விரல் மொளிகளைப் போலச் சிகரங்கள் தோன்றியமையால் ஆங்கிலேயர் அப்பெயரை இட்டனர். 2010 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமை வரிசையிலும் இம்மலைகள் இடம் பெற்றன. அறிஞர்கள் இங்கே அரிய உயிரினங்களைத் தேடுகின்றனர். பயணிகள் அழகிய காட்சியைத் தேடுகின்றனர். குழந்தையோ மூடுபனிக்குள் ஓடி மறைந்து, தாய் தேடும்போது கலகலவென்று சிரித்துக்கொண்டு வெளிப்படுகிறது. தன் கையை மடக்கிப் பார்த்து, மலையே தன் கையில் வந்துவிட்டதென்று மகிழ்கிறது. விலைகொடுத்து வாங்க முடியாத இத்தகைய இன்பங்களுக்குக் குழந்தையின் முதற் புத்தகத்திலே இடம் உண்டா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

குழந்தையின் அன்றாட இன்பங்களைத் தமிழ்ப் புலவர்கள் ஒருபோதும் சிறியனவாகக் கருதினாரில்லை. பிள்ளை கையிட்டுக் கலக்கிய உணவின் சுவையை வள்ளுவர் போற்றினார். கை கொட்டுதல், நிலவை அழைத்தல், சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல் ஆகியவற்றைப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகையையே நம் முன்னோர் படைத்தனர். எனினும் அவை கற்றறிந்த பெரியோர் சுவைத்தற்கு உரியவை. எழுத்தறியாத நான்கு வயதுப் பிள்ளை அவற்றைக் கையில் எடுத்துத் தன்னைக் கண்டுகொள்ள முடியாது. அதே இன்பங்களை அக்குழந்தைக்கே திருப்பி அளிக்கும் கருவிதான் சித்திரப் புத்தகம்.

கல்வியாளர் கொமேனியஸ் 1658 ஆம் ஆண்டில் வெளியிட்ட படநூல், குழந்தைகளுக்கான முதற் படநூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. உலகப் பொருள்களைப் படம் காட்டிப் பெயர் சொல்லுவது அது. இன்றைய சித்திரப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சொல் சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லுகிறது. படம் மறைத்ததை அடுத்த பக்கம் காட்டுகிறது. பக்கத்தைப் புரட்டும் சின்னக் கைக்குள்ளே, "இனி என்ன?" என்னும் ஆவல் துடிக்கிறது. வாசிப்பின் வித்து அந்த ஆவலே.

இதற்குச் சிறந்த சான்று இலங்கையிலேயே உண்டு. காலிப் பகுதியில் 1927 இல் பிறந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் 1956 இல் எழுதி வரைந்த நூல் 'குட ஹொரா' என்பது; குடைத் திருடன் என்பது அதன் பொருள். குடையே அறியாத ஒரு சிற்றூர். மழை வந்தால் மக்கள் வாழையிலையையும் பிற இலைகளையும் தலைக்குமேல் பிடித்துச் செல்வர். கிரி மாமா பட்டினம் சென்று ஒரு குடை வாங்கி வருகிறார். வழியிலே கடையில் காப்பி அருந்தும் நேரத்தில் அது களவு போய்விடுகிறது. வாங்க வாங்கத் திருட்டுப் போகவே, குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டு, அவை சிந்திய வழியே சென்று பார்க்கிறார். மரத்திலே குடைகள் தொங்குகின்றன; திருடனோ ஒரு குரங்கு! குரங்குக்கென ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்து வந்து, ஊரிலே குடைக்கடை வைக்கிறார்.

இக்கதையிலே அரசனில்லை, அரக்கனில்லை. ஒரு குடை, ஒரு குரங்கு, ஊராரின் வியப்பு, அவ்வளவே. ஆயினும் ஜப்பானிய மொழி உட்படப் பல மொழிகளில் இந்நூல் உலாவியது. 2020 இல் அம்மையார் மறைந்த பின்னரும் கிரி மாமா பிள்ளைகளோடு வாழ்கிறார்.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962 இல் வெளியிட்ட 'பனி நாள்' என்னும் நூலில், பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் புதுப்பனியில் அடிச்சுவடு பதித்து விளையாடுகிறான். நிகழ்ச்சி அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்நாட்டுப் படநூல்களிலே அத்தகைய சிறுவர் நாயகராக வருவது அரிதாயிருந்த காலம் அது. நியூயோர்க் பொது நூலகத்தின் வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் அதுவே என்று 2020 இல் அறிவிக்கப்பட்டது. நான்கு இலட்சத்து எண்பத்தையாயிரம் தடவைக்கு மேல் அது வெளியே சென்றுள்ளது.

இதிலே மலையகத்துக்கு ஒரு செய்தி உண்டு. தாய் கொழுந்து பறிக்கச் சென்றிருக்க, பிள்ளைக்காம்பராவில் விளையாடும் குழந்தை, தான் திறக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு யாருடைய வீட்டையோ, வேறு யாருடைய வெயிலையோ மட்டும் காணுமாயின், புத்தகம் என்பது பிறருக்குரியது என்று எண்ணிவிடும். அந்த எண்ணம் வேரூன்றிய பின், எத்தனை பாடநூல்கள் கொடுத்தாலும் அவை சுமையாகவே தோன்றும். பிறர் வாழ்வைக் காட்டும் நூலும் வேண்டும். தன் வாழ்வைக் காட்டும் நூல் அதற்கு முன்னரே வேண்டும். மழையிலே படங்கு போர்த்தி வரும் அம்மா, லயத்துக் கூரையில் தாளமிடும் மழைத்துளி, மாத்தளை முத்துமாரியம்மன் தேரைக் கண்டு வந்து சிரட்டையில் தேர் செய்து இழுக்கும் தம்பி ஆகியவை யாவும் படத்துக்குத் தகுந்தவையே.

வண்ண அச்சுக்குப் பொருட்செலவு மிகுதி என்பது உண்மை. சென்னையில் 1996 இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம், ஒரே படநூலைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிட்டு இத்தடைக்கு ஒரு வழி கண்டது. படம் ஒன்றே, மொழி மட்டும் மாறும். சிங்களமும் தமிழும் அருகருகே வாழும் மாத்தளைக்கு இம்முறை பொருந்துவது போல வேறெங்கும் பொருந்தாது.

அச்சகத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே மடித்து, மடிப்பிலே நூலால் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம் ஆயிற்று. பக்கத்துக்கு ஒரு படம்; படத்துக்கு ஒரு வரி. தாய் சொல்ல, அண்ணன் எழுத, குழந்தையே வண்ணம் தீட்டலாம். கோடு கோணலாயிருப்பின் குற்றமில்லை. மாலையிலே வேலை முடித்து வந்த தாயோ தந்தையோ அதனை மடிமீது விரித்து, விரல் தொட்டு வாசித்தல் வேண்டும். மீண்டும் வாசிக்கச் சொல்லிக் குழந்தை கேட்டால் சலியாது வாசித்தல் வேண்டும். கேட்ட கதையையே கேட்பதும் குழந்தையின் இன்பங்களுள் ஒன்றாகும்.

அத்தகைய ஒரு புத்தகத்தின் முதற் பக்கத்திலே ஒரு சின்னக் கை மடங்கி இருக்கட்டும். பக்கத்தைப் புரட்டினால் அதே வடிவில் ரிவர்ஸ்டன் மலை தெரியட்டும். அதைக் காணும் பிள்ளை தன் கையை ஒருமுறை மடக்கிப் பார்க்கும். புத்தகத்தில் இருப்பது தன் ஊர், தன் கை என்று அறியும் அந்த நொடியிலே வாசிப்பு தொடங்கிவிடுகிறது.