சிறையில் விளைந்த சிந்தனை



ஒரு நாட்டில் தோன்றிய கொள்கை மற்றொரு நாட்டை அடையும்பொழுது மனப்பாடமாகவே நின்றுவிடுகிறதா, அன்றி அம்மண்ணில் வேரூன்றி வளர்கிறதா? இத்தாலிய இடதுசாரி இயக்கத்தில் மார்க்சியம் வளர்ந்த வரலாறு இவ்வினாவிற்கு நல்ல விடை தருகிறது.

அவ்வளர்ச்சிக்கு வழிகோலியவர் அந்தோனியோ கிராம்சி. 1891-இல் சார்டீனியாத் தீவில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, உதவிச் சம்பளம் பெற்றுத் தூரின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். வடக்கே தூரினில் மோட்டார்த் தொழிற்சாலைகள். தெற்கிலும் தீவுகளிலும் ஏழை உழவர்கள். இவ்விரு உலகங்களையும் அவர் நேரில் கண்டவர்.

1917-இல் ருஷியாவில் புரட்சி வென்றது. 1920-இல் இத்தாலியத் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றினர். எனினும் வெற்றி கிட்டவில்லை. 1922-இல் முசோலினியன்றோ ஆட்சிக்கு வந்தார்! இஃது ஏன்? இவ்வினா கிராம்சியை விடவில்லை.

1926-இல் கைதான அவருக்கு, 1928-இல் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நோயுற்ற உடலுடன், 1929 முதல் 33 குறிப்பேடுகளில் எழுதினார். அவர் கண்ட விடை இது: ஆள்வோர் படைபலத்தால் மட்டும் ஆள்வதில்லை. பள்ளி, திருச்சபை, செய்தித்தாள் ஆகியவற்றின் வாயிலாக மக்களின் இசைவையும் பெறுகின்றனர். அவ்விசைவு ஆழப் பதிந்த நாட்டில் அரசு மாளிகையைப் பிடித்தால் மட்டும் போதாது. மக்கள் உள்ளத்தை நெடுங்காலம் பொறுமையுடன் உழைத்து வெல்லுதல் வேண்டும். வடநாட்டுத் தொழிலாளி தென்னாட்டு உழவனுடன் கைகோத்தல் வேண்டும்.

1937-இல், தம் 46ஆம் வயதில் அவர் மறைந்தார். குறிப்பேடுகள் 1948 முதல் 1951 வரை முதன்முதலாக நூலுருப் பெற்றன. தொலியாட்டியின் தலைமையில் இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சி, சோசலிசத்திற்குத் தன் நாட்டிற்கேற்ற வழியை 1956-இல் வகுத்துக்கொண்டது. 1976 தேர்தலில் நூற்றுக்கு 34 வாக்குகளைப் பெற்ற அக்கட்சி, 1991-இல் கலைந்தது.

படிப்பும் ஓர் உழைப்பே. களைப்புக்கு அஞ்சாது பழகவேண்டியதே என்றும் கிராம்சி எழுதினார். இதைப் படித்தபொழுது எனக்குப் பழைய நினைவொன்று எழுந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பாடநூல் விடையை எழுத்துப் பிசகாமல் எழுதியவனுக்கே முழு மதிப்பெண் வழங்கினேன். தன் ஊர் ஏரியை எடுத்துக்காட்டித் தானே சிந்தித்து எழுதிய மாணவனின் விடையைச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். அக்கோட்டை இன்று அழிக்க இயலவில்லை.

கிராம்சியின் முடிவுகளை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். எக்கொள்கையைக் கற்பினும், அதை உங்கள் மண்ணில் நிறுத்தி உரசிப் பாருங்கள். அதுவே கற்றலின் பயன்.